“போர்டு போயிருச்சுங்கண்ணா” என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

சேலம், ஏற்காடு பக்கம் கம்ப்யூட்டர் வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தப் பதிவு. ஜெராக்ஸ் கடை, டிடிபி, பில் போடும் கடை, எஸ்டேட் ஆபீஸ் எதுவாக இருந்தாலும் சரி. நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படித்துவிடுங்கள். கடையின் பெயர் இங்கே வராது. ஒரு கடையைத் தவிர்த்துவிட்டு அதே வேலையைச் செய்யும் இன்னொரு கடைக்குப் போவதில் பயன் இல்லை. என்ன செய்து ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஏற்காட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று தனியாளாகக் கடை நடத்துகிற ஒருவருடைய சிஸ்டம். திடீர் திடீரென்று ஹேங் ஆகும். மவுஸ் அம்பு அப்படியே நிற்கும், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே சத்தம் விடாமல் ‘கர்ர்’ என்று கேட்கும், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழி இருக்காது. பஸ்ஸில் வைத்து 20 கொண்டை ஊசி வளைவையும் கடந்து சேலத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தார். “வைரஸ், ஃபார்மேட் பண்ணணும்” என்று 600 ரூபாய். நான்கு நாள் நன்றாக ஓடியது, ஐந்தாம் நாள் மறுபடி ஹேங். இரண்டாம் முறை “எஸ்எம்பிஎஸ் வீக்”, அதாவது உள்ளே கரன்ட் கொடுக்கும் பெட்டி பலவீனம் என்று 1,450 ரூபாய். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. மூன்றாம் முறை “போர்டு போயிருச்சுங்கண்ணா, மாத்தினாத்தான் ஆகும்” என்று மதர்போர்டை மாற்றி 6,400 ரூபாய். மொத்தம் 8,450. மூன்று முறை இறக்கி, மூன்று முறை ஏற்றினார். போர்டு மாற்றி வந்த ஐந்தாம் நாள், வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போதே, அதே ஹேங்.

கோளாறு ரேமில், அதாவது வேலை நடக்கும்போது தகவல் தங்கும் தற்காலிக மெமரியில் இருந்தது. 4 ஜிபி ஸ்டிக் இரண்டு, அதில் ஒன்று பழுது. அந்த ஒன்றைக் கழற்றியதும் ஒரு ரூபாய் செலவில்லாமல் சிஸ்டம் ஓடியது. புது எஸ்எம்பிஎஸ், புது போர்டு எல்லாம் போட்டவர்கள் அந்தப் பழுதான ஸ்டிக்கை மட்டும் பத்திரமாகப் புது போர்டிலும் செருகிக் கொடுத்திருந்தார்கள். மூன்று முறையில் ஒரு முறைகூட ரேம் சோதிக்கப்படவில்லை.

ஃபார்மேட் செய்தால் ஏன் சரியானது போல் தெரிகிறது? பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ரேமில் எங்கோ ஒரு சிறு பகுதி கெட்டிருக்கிறது. புதிதாகப் போட்ட விண்டோஸில் ஆன்டிவைரஸ் இல்லை, டேலி இல்லை, பிரவுசரில் பத்து டேப் திறந்திருப்பதில்லை. மொத்த மெமரியில் கொஞ்சம்தான் பயன்பாட்டில் இருக்கும். கெட்ட இடத்தில் முக்கியமான ஏதாவது போய் உட்காரும் வாய்ப்பு அப்போது குறைவு. ஒவ்வொரு மென்பொருளாக ஏற்றி, பழையபடி வேலை கூடியதும் அந்த இடமும் பயன்பாட்டுக்கு வருகிறது. விண்டோஸின் உயிர்நாடியான ஏதாவது அங்கே உட்கார்ந்தால் ஹேங் அல்லது நீலத்திரை. வேறு ஏதாவது உட்கார்ந்தால் வெளியே தெரியாது, படத்தில் ஒரு கோடு, திறக்காத ஒரு பிடிஎஃப், கணக்கில் ஓர் எண் என்று கெட்டுப்போகும். ஹேங் ஆவதைவிட இது மோசம். ஃபார்மேட் செய்து “சரியாச்சு” என்று கொடுத்த சிஸ்டம் நான்கு நாளில் திரும்ப வந்தால், அது பெரும்பாலும் மென்பொருள் கோளாறு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதன் பிறகும் ஃபார்மேட் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஃபார்மேட்டுக்கு முன் “டேட்டா பேக்கப் எடுத்துடறோம்” என்பார்கள். சந்தேகமான ரேமுடன் பேக்கப் எடுக்கவே கூடாது. காப்பி ஆகும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் போகிறது, கெட்ட இடத்தைத் தொட்டுப் போனால் பேக்கப்பும் கெட்டது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒழுங்காக ஓடும் வேறொரு சிஸ்டத்தில் மாட்டிக் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஏற்காட்டுக்காரரின் பழைய விண்ணப்ப ஸ்கேன்களில் சில இப்போது பாதிதான் திறக்கின்றன.

சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியது இருக்கிறது. ஹேங் ஆன நிமிடத்தில் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? எரிந்து அணைந்தால் உள்ளே விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் டிஸ்குக்கு. கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகத் தெளிந்தால் சந்தேகம் டிஸ்க் மேல்தான். கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை, எவ்வளவு நேரம் விட்டாலும் மீளவில்லை என்றால் ரேம், பிராசஸர், போர்டு, பவர் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். தானாக அணைவதும் ரீஸ்டார்ட் ஆவதும் வேறு ரகம், அதற்குச் சூட்டையும் பவரையும் முதலில் பாருங்கள்.

டிஸ்குக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஹார்ட் டிஸ்க் என்றால் அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். அந்த வரிகளின் வலது ஓரத்தில் ‘ரா வேல்யூஸ்’ என்ற பத்தியில் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் நல்லது. சி5 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஸ்க் படிக்க முடியாத இடங்கள் காத்திருக்கின்றன என்று பொருள், அன்றைக்கே காப்பி எடுங்கள். சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்கைக் குறை சொல்ல வேண்டாம், டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். கேபிளுக்கு ஆகும் சில்லறைச் செலவில் தீர வேண்டிய இதற்குப் புது டிஸ்க் விற்றவர்களும் இருக்கிறார்கள்.

சூடு சேலத்தில் பெரிய காரணம். சித்திரை, வைகாசி வெயிலில் சிமென்ட் ஷீட் போட்ட அறையில் சிஸ்டம் இருந்தால் கேட்கவே வேண்டாம். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடும் வீடுகளில் இன்னொன்றும் சேர்கிறது. பஞ்சு பறந்து பிராசஸர் ஃபேனுக்கு அடியில் கம்பளம் போல் படிந்துவிடும். மேலே பார்த்தால் ஃபேன் சுற்றும், கீழே ஹீட்சிங்க் இடுக்குகளில் காற்றே போகாது. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு வேலை செய்யுங்கள். இன்டெல் பிராசஸர்கள் பல 100 டிகிரியை ஒட்டித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சாதாரண டைப்பிங், பில் வேலைக்கே 90ஐத் தொட்டால் ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும். அரிசி மணி அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக நடுவில் ஒரு பொட்டு போதும். மெஷின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்திலும் ஹேங் ஆகிறது என்றால் சூட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பவர் விஷயத்தில் ஒரு தந்திரம் நடக்கிறது, கவனியுங்கள். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘கெர்னல்-பவர் 41’ என்ற சிவப்பு வரியைக் காட்டி, “பாருங்க, பவர் எரர்னு விண்டோஸே சொல்லுது” என்பார்கள். அந்த 41க்கு அர்த்தம், முந்தைய முறை சிஸ்டம் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பது மட்டுமே. ஹேங் ஆனதும் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அந்த வரி விழும். அதை வைத்து எஸ்எம்பிஎஸ் விற்பது பொய். எஸ்எம்பிஎஸ்ஸை மல்டிமீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும். கறுப்பு ஒயரோடு சேர்த்து அளந்தால் மஞ்சள் ஒயரில் 11.40 முதல் 12.60 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47. சிஸ்டம் வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது அளந்தால் கெட்டதும் நல்லதாகவே காட்டும். மீட்டர் சரியாகக் காட்டினாலும் நொடிக்குள் வந்து போகும் இறக்கம் அதில் தெரியாது, அதனால் சந்தேகம் தீராவிட்டால் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் மாட்டிப் பார்ப்பதே உறுதி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயிர் வாங்கும் மின்சாரம் நிற்கும்.

இனி ரேம். ரேமைச் சோதிக்கும் மென்பொருள் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ், இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்ய வேண்டும், அதாவது விண்டோஸ் எழாமல் பென்டிரைவிலிருந்தே சிஸ்டம் எழ வேண்டும். விண்டோஸுக்குள் ஓடும் சோதனைகளை நம்ப முடியாது, விண்டோஸ் உட்கார்ந்திருக்கும் இடத்தை அவற்றால் தொட முடியாது. பிளஸ் ரகம் பூட் ஆக மறுத்தால் பயாஸில், அதாவது சிஸ்டம் எழும்போது திறக்கும் அமைப்புத் திரையில், தெரியாத மென்பொருளைப் பூட் ஆக விடாத செக்யூர் பூட்டை நிறுத்துங்கள். டிஸ்கை என்க்ரிப்ட் செய்து வைத்திருப்பவர்கள் அதன் ரெக்கவரி கீயைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு அதைத் தொடுங்கள். ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் முதலில் அதையும் நிறுத்துங்கள். வேகத்தைக் கூட்டி வைத்ததால் மட்டும் பிழை வருகிறதா, ஸ்டிக்கே கெட்டதா என்று அப்போதுதான் பிரிக்க முடியும்.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கும் ரீஸ்டார்ட் ஆகி வெளியேதான் ஓடுகிறது, ஆனால் மேலோட்டமானது. அதில் எஃப்1 அழுத்தி எக்ஸ்டென்டட் முறையைத் தேர்ந்தெடுக்காமல் ஓட்டி, “ரேம் நல்லாயிருக்கு” என்று சொல்வது வழக்கம். அது பிழை காட்டினால் நம்பலாம். பிழை இல்லை என்று சொன்னால் அதோடு நிறுத்தக் கூடாது.

ஏற்காட்டு மெஷினில் மெம்டெஸ்ட் போட்ட 11ஆவது நிமிடம் திரை சிவந்தது. 5.6 ஜிபியை ஒட்டிய முகவரியில் வரிசையாகப் பிழைகள். மெம்டெஸ்ட் ரேமில் ஓர் எண்ணை எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், அந்த எண்ணில் எழுத்துகளும் வரும். எழுதிய எண் முழுக்க எஃப். திரும்பப் படித்ததில் கடைசியிலிருந்து மூன்றாம் இடத்தில் மட்டும் எஃப்புக்குப் பதில் டி. ஒன்று, பூஜ்யமாகப் பிரித்தால் எஃப் என்பது 1111, டி என்பது 1101. அதாவது ஒன்று இருக்க வேண்டிய ஒரே ஓர் இடத்தில் பூஜ்யம். கீழே எத்தனை வரி போனாலும் அதே இடம், அதே ஒற்றைப் புள்ளி. இப்படி ஒரே பிட், அதாவது ஒன்றோ பூஜ்யமோ நிற்கும் ஒரே இடம், திரும்பத் திரும்பக் கெட்டால் அது பெரும்பாலும் ஸ்டிக்கில் ஒரு குறிப்பிட்ட சிப் அல்லது அதன் இணைப்பு. மெம்டெஸ்டில் “ஒண்ணு ரெண்டு எரர் பரவாயில்லை” என்பதே கிடையாது. பூஜ்யம் மட்டும்தான் பாஸ்.

பிழை வந்துவிட்டது என்பதற்காக ஸ்டிக்கைத் தூக்கி எறியவும் வேண்டாம். இந்த இடத்தில் அவசரப்பட்டால் நாமும் அந்த சர்வீஸ் கடைக்காரர் செய்ததைத்தான் செய்கிறோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொண்டு ஸ்டிக்கைக் கழற்றுங்கள். ஏற்காட்டு மழைக்காலத்தில், பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து போகும் ஊரில், ஸ்டிக்கின் ஓரத்தில் இருக்கும் தங்கப் பற்களில் மங்கலாகப் படிவு சேர்வது சகஜம். ஐசோபிரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில்லாத துணியால் துடைத்தால் போதும். பென்சில் அழிரப்பர் போட்டுத் தேய்க்கிற பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. மெதுவாக ஒருமுறை என்றால் பரவாயில்லை, அடிக்கடி தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும். துகள் ரேம் செருகும் ஸ்லாட்டுக்குள் விழாமல் தட்டிவிடுங்கள். பிறகு இரு பக்கப் பூட்டும் ‘டிக்’ என்று விழும்வரை அழுத்திச் செருகிவிட்டு மறுபடி மெம்டெஸ்ட் போடுங்கள். கணிசமான மெஷின்கள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகாவிட்டால் ஒரு நேரத்தில் ஒரு ஸ்டிக், ஒரு ஸ்லாட். முதல் ஸ்டிக்கை ஒரு ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள், அதையே அடுத்த ஸ்லாட்டில் வைத்து ஓட்டுங்கள். இரண்டாவது ஸ்டிக்குக்கும் அப்படியே. இந்த நான்கு ஓட்டத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், நினைவில் வைத்துச் செய்தால் குழம்பும். ஒரு ஸ்டிக் எந்த ஸ்லாட்டுக்குப் போனாலும் பிழையும் கூடவே போனால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் மட்டும் பிழை வந்தால்தான் போர்டைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டும். அப்போதும் முதலில் அந்த ஸ்லாட்டில் தூசி இருக்கிறதா, பிராசஸர் சாக்கெட்டில் பின் ஏதாவது வளைந்திருக்கிறதா, ஃபேனை ஒரு பக்கமாக இறுக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மெமரி கன்ட்ரோலர் இப்போது பிராசஸருக்குள்ளேயே இருப்பதால் அங்கே சரியாகத் தொடாத ஒரு பின்னும் ரேம் பிழையாகவே தெரியும். தனித்தனியாக எல்லாம் பாஸ், இரண்டையும் சேர்த்தால் மட்டும் பிழை என்றால் ஸ்டிக்குகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வேகம் கலந்து போட்ட மெஷின்களில் இது அதிகம்.

அந்த ஏற்காட்டு மெஷினில் ஒரு ஸ்டிக் இரண்டு ஸ்லாட்டிலும் பிழை. இன்னொன்று இரவு முழுக்க ஓடியும் பூஜ்யம். சுத்தம் செய்ததும் சேர்த்து ஒரு நாள் வேலை. சர்வீஸ் கடையில் ஆள் பக்கத்திலேயே நிற்கத் தேவையில்லை, பென்டிரைவைச் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இதைக்கூடச் செய்யாமல் 6,400 ரூபாய் வாங்கியதைக் கவனக்குறைவு என்று விட முடியவில்லை.

அந்தப் ‘புது’ போர்டும் புதிதல்ல. திருகு மாட்டும் ஓட்டைகளைச் சுற்றி ஏற்கெனவே திருகு உட்கார்ந்து தேய்ந்த வளையம், சாக்கெட் ஓரத்தில் காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட், சீரியல் ஸ்டிக்கர் பாதி சுரண்டப்பட்டது. பில்லில் சீரியல் நம்பரே இல்லை. கழற்றிய பழைய போர்டை “ஸ்கிராப்” என்று கடையிலேயே வைத்துக்கொண்டார்கள். அது நல்ல போர்டாகவே இருந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு, ஆனால் கையில் இல்லாததை நிரூபிக்க முடியாது. இன்னொரு இழப்பும் உண்டு. மெஷினோடு வந்த அசல் விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு பிணைந்தது. போர்டு போனதும் அதுவும் போனது. அதற்குப் பதில் திருட்டு ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டி, ஆன்டிவைரஸையும் அணைத்து வைத்திருந்தார்கள். ஊர் மக்களின் ஆதார் நகலும் சான்றிதழும் ஏறி இறங்கும் மெஷின் அது.

ஆகவே கொடுக்கும் முன் மூடியைத் திறந்து ரேம் ஸ்டிக்கர், டிஸ்க், போர்டு எல்லாவற்றையும் சீரியல் நம்பர் தெரியும்படி போனில் படம் எடுங்கள். அந்தப் படத்தை அங்கேயே கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள், நாள் நேரத்தோடு பதிவாகும். ரேமோ போர்டோ கோளாறு என்று சொன்னால் மெம்டெஸ்ட் திரையின் படத்தைக் கேளுங்கள். கழற்றிய பாகம் எதுவாக இருந்தாலும் திருப்பி வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். புது ரேம் போட்டுத் தந்தால் சிபியூ-இசட் மென்பொருளில் ஸ்டிக்கின் விவரம் காட்டும் எஸ்பிடி பக்கத்தைப் பாருங்கள். தயாரித்த வாரமும் ஆண்டும் பெரும்பாலான ஸ்டிக்கில் தெரியும், ‘புதுசு’ எத்தனை வருடப் பழசு என்று அங்கே தெரிந்துவிடும். கெட்ட ஸ்டிக்கையும் குப்பையில் போடாதீர்கள். கிங்ஸ்டன், குரூசியல் போன்ற கம்பெனிகள் ரேமுக்கு வாழ்நாள் வாரன்டி தருகின்றன. ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், வாயால் பேசி வராதீர்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். “உங்களது கடை, வியாபாரம், அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் நடத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது, அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். பில்கள், பணம் அனுப்பிய ஜிபே பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல், மெம்டெஸ்ட் திரையின் படம், நான்கு ஓட்டத்தையும் எழுதிய அந்தத் தாள், எல்லாவற்றையும் நாள் வரிசையில் அடுக்கி இணையுங்கள். பழுதான ஸ்டிக்கை ஓர் உறையில் போட்டு, மேலே சீரியல் நம்பரும் சோதித்த தேதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.